எண்பதாயிரம் பவுண்டு

டொலீடோவுக்குத் தெற்கே, எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையில்
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
எடைமேடை என் பொறுப்பு.
லாரி ஏறி நிற்கும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
முன் அச்சில் இவ்வளவு, நடு அச்சில் இவ்வளவு, பின்னால் இவ்வளவு.
மொத்தம் எண்பதாயிரம் பவுண்டைத் தாண்டினால்
அடுத்த சாவடியில் அபராதம்.

அபிப்பிராயங்களுக்கு எடை கிடையாது.
இருந்திருந்தால் ஒருவனும் ஒஹாயோவைத் தாண்டியிருக்க மாட்டான்.

தேர்தலுக்குப் பதினோரு நாள் இருந்தது.
வெளியே மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது.
காபி இயந்திரத்தில் சாய்ந்தபடி ஆர்வில் ப்ரூடன்,
பிரேக் உருளைகள் ஏற்றி வந்தவன்:
"வெளிநாட்டு வண்டிக்கு வரியைப் போடு,
மறுநாளே நம் ஆலைக் கதவு திறக்கும்."
செனாத், பையனாக போஸ்னியாவிலிருந்து வந்தவன்,
சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான்.
"என் முதுகில் எட்டு பிக்கப்.
மிஷிகனில் பூட்டியது. வயர் மெக்சிகோ, இருக்கை கனடா,
சில்லு எந்த ஊரோ, அதற்கே தெரியாது.
எந்தத் துண்டுக்கு வரி? எந்தத் துண்டில் கொடி ஒட்டுவாய்?"

"நேற்று வந்தவன் நீ."
"நேற்று வந்து ஐந்து முறை ஓட்டுப் போட்டாயிற்று. நீ?"

ஆர்வில் கோப்பைக்கு மூடி தேடினான்.
நவம்பர் செவ்வாய்க்கிழமைகளில் அவன்
எப்போதும் நெப்ராஸ்காவில் இருப்பான்.

"நீ சொல் மார்லிஸ், ஆலையில் இருந்தவள்தானே?"

பத்தொன்பது வருஷம் இருந்தேன்.
இடது கதவு. நாலு போல்ட்டு. ஐம்பத்திரண்டு நொடி.
மூடப்போகிறார்கள் என்றதும் இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள்,
வெவ்வேறு வாரத்தில்.
ஒரே மஞ்சள் தலைக்கவசத்தைத்தான் இருவருக்கும் கொடுத்தோம்.
உள்பட்டையைத் தளர்த்தவோ இறுக்கவோ வேண்டியிருக்கவில்லை.
கடைசி நாளில் லாரி வடிவத்தில் ஒரு கேக்.
இடது கதவு என் தட்டுக்குத்தான் வர வேண்டுமா?
குப்பைக்கூடைக்கு மேலே நின்றபடி தின்று முடித்தேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"காபி ஒன்று அறுபத்தைந்து" என்றேன்.

ஆர்விலின் சீட்டு வந்தது. மொத்தம் சரி.
நடு அச்சில் மட்டும் அறுநூற்று நாற்பது அதிகம்.
பின்சக்கரங்களை முன்னால் நகர்த்தினால் சரியாகும்.
ஆனால் பூட்டுமுளை துருவேறி இறுகிவிட்டது.
ஒருவன் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க வேண்டும்,
ஒருவன் வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும்.

செனாத் கையுறையை மாட்டிக்கொண்டு போனான்.
யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன்:
ஒருவன் வண்டிக்கடியில் குனிந்து, ஒருவன் மேலே உட்கார்ந்து,
சண்டை மட்டும் நிற்கவே இல்லை.
"வரி!" என்று மேலிருந்து.
கீழிருந்து அவன் தாய்மொழியில் ஏதோ,
நல்ல வார்த்தையாக இருக்க முடியாது.
டணார் என்று முளை விடுபட்டது.

மறு எடை: முப்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
ஒரு பவுண்டுகூட இறங்கவில்லை.
சுமந்த அச்சு கொஞ்சம் மூச்சு விட்டது,
சுமக்காத அச்சு கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான்.
என் கணவன் கேட்டால், வேலையிடத்தில்
அரசியல் பேசாதே என்பான்.

இருவரும் கைகுலுக்கிக்கொள்ளவில்லை.
ஆர்வில் ஒரு கிரீம் ரொட்டி வாங்கி
செனாத்தின் சக்கரப்படியில் வைத்துவிட்டுப் போனான்.
செனாத் அதை எடுத்தானா, பார்க்கவில்லை.
அதற்குள் கோழி லாரி ஒன்று மேடை ஏறிவிட்டது.

ஆறு மணி.
என் காரைக் கடைக்குப் பின்னால்,
டீசல் தொட்டி மறைவில் நிறுத்துவேன்.
கொரியப் பெயர். அலபாமாவில் பூட்டியது.
ஆலை நாட்களில் இதை வாசலுக்கே விட்டிருக்க மாட்டோம்,
கண்ணாடி தப்பியிருக்காது.

ஏறி, இடது கதவை இழுத்துச் சாத்தினேன்.
ஒரே இழுப்பில், சத்தமே இல்லாமல், கச்சிதமாக மூடிக்கொள்கிறது.
அதுதான் எரிச்சல்.